வெள்ளைக் கம்பளிக்குள் தைத்த வாசனை

தட்டையான வட்டச் செம்புக் குப்பி. உள்பக்கம் ஈயம் பூசியது. குட்டைக் கழுத்து, இறுக அடைத்த வாய். மேலே வெள்ளைக் கம்பளித் துணி சுற்றி, ஓரமெல்லாம் நெருக்கித் தைத்து, தையலின் முடிச்சில் வியாபாரியின் முத்திரை வைத்திருப்பார்கள். பல்கேரியாவில் இதற்குக் கொன்கும் என்று பெயர். ரோஜா எண்ணெய் ஊரை விட்டுக் கிளம்பியது இதற்குள் இருந்துகொண்டுதான். இரண்டரைக் கிலோ பிடிக்கும் ஒரு கொன்குமை நிரப்ப ஏறக்குறைய ஒன்பது டன் பூ வேண்டும். அத்தனையும் கையால் பறித்த பூ. பல்கேரியாவுக்குப் போகிறவர் ரீலா மடாலயத்தைப் பார்க்கட்டும், கருங்கடல் கரையில் நிற்கட்டும். அதோடு இந்தக் குப்பி போன வழியையும் ஒருமுறை தொடர்ந்து பார்க்க வேண்டும் என்பது என் கட்சி. அந்த நாட்டின் மலையும் போரும் கைத்திறனும் மானமும் அந்த வழியெங்கும் கிடக்கின்றன.

சோபியாவிலிருந்து கிழக்கே புர்காஸ் போகும் ரயில்பாதை, பால்கன் மலைத்தொடரின் தென் அடிவாரத்தை ஒட்டிப் போகிறது. 1952இல் முடிந்த பாதை இது. வழியில் கொஸ்னிட்சா சுரங்கம் வரும். ஐந்தே முக்கால் கிலோமீட்டருக்குக் கொஞ்சம் மேல், நாட்டிலேயே நீளமான ரயில் சுரங்கம். இருட்டு முடிந்து வெளியே வந்தால் ரோஜாப் பள்ளத்தாக்கின் மேற்குக் கோடி. வடக்கே பால்கன் மலைத்தொடர், உள்ளூர்ப் பெயரில் ஸ்தாரா ப்ளானினா, மதில்போல் எழுந்து நிற்கிறது. அதன் உச்சியான போதெவ் சிகரம் 2,376 மீட்டர். மே மாதத்திலும் அதன் மடிப்புகளில் பனி ஒட்டிக்கொண்டிருக்கும். தெற்கே ஸ்ரெட்னா கோரா, அவ்வளவு உயரமில்லை, காடு போர்த்திய மலை. இரண்டுக்கும் நடுவே மேற்கில் ஸ்த்ரியாமா ஆறும் கிழக்கில் துன்ட்ஜா ஆறும் ஓடுகின்றன.

வடமலை குளிர்காற்றைத் தடுக்கிறது. மண் மணற்பாங்கானது, நீர் தேங்காது. மே மாதத்தில் இரவெல்லாம் பனி பெய்யும், பகலில் மேகமும் தூறலும் மாறி மாறி வரும். ரோஜாவுக்கு இதுதான் வேண்டும். மே மாதம் வெயிலும் வறட்சியுமாகப் போனால் பூக்கும் காலம் இரண்டு வாரத்தில் முடிந்துவிடும். குளிர்ந்து மந்தாரமாக இருந்தால் ஒரு மாதம் நீளும். ஓர் ஆண்டின் வருமானம் முழுக்க இந்தச் சில வாரங்களின் வானத்தில் தொங்குகிறது.

இந்த ரோஜா பல்கேரிய மண்ணில் பிறந்ததில்லை. டமாஸ்க் ரோஜா என்று உலகம் அழைக்கும் செடி இது; ஆசியாவிலிருந்து ஒட்டோமான் ஆட்சிக் காலத்தில் பால்கனுக்கு வந்து சேர்ந்தது. இஸ்தான்புல் அரண்மனைக்கும் பள்ளிவாசல்களுக்கும் அங்காடிகளுக்கும் பன்னீரும் அத்தரும் ஓயாமல் தேவைப்பட்டன. அந்தத் தேவை பள்ளத்தாக்கின் கஸான்லக் ஊரைச் சுற்றியிருந்த வயல்களை ரோஜா வயல்களாக்கியது. 1837இல் சுல்தான் இரண்டாம் மஹ்மூதின் சுற்றுப்பயணத்தோடு இந்த வழியே போன பிரஷ்ய ராணுவ அதிகாரி ஹெல்முத் ஃபோன் மோல்ட்கே, பின்னாளில் ஜெர்மானியப் படைகளின் பெருந்தளபதியானவர், தன் கடிதங்களில் இந்த ரோஜா வயல்களை மனம்விட்டுப் புகழ்ந்திருக்கிறார். தோட்டத்தில் வளர்க்கும் பூவாக இல்லாமல் தானியம்போல் வயல் வயலாக ரோஜா விளைவது அவரை அசத்தியிருக்கிறது. இன்று போகிறவருக்கும் முதலில் கண்ணில் படுவது அதுதான். இடுப்புயரப் புதர்கள் நீள நீள வரிசைகளில். பூ பெரிதில்லை, வெளிர் சிவப்பு, சற்றுக் குலைந்தாற்போல் விரிந்த இதழ்கள். கடை ரோஜாவின் மிடுக்கு கிடையாது. அழகுக்காக வளர்த்த செடி இல்லை என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

பறிப்பைப் பார்க்க வேண்டுமென்றால் விடியுமுன் வயலில் இருக்க வேண்டும். ஐந்து மணிக்கெல்லாம் ஆட்கள் இறங்கிவிடுவார்கள். பனி உலருமுன் பூவில் எண்ணெய் அதிகம். வெயில் ஏற ஏற அது ஆவியாகிப் போய்விடுகிறது; நண்பகலில் பறித்த பூவில் காலையில் இருந்ததில் பெரும்பகுதி இருக்காது. அதனால் ஒன்பது, பத்து மணிக்குப் பறிப்பு முடிந்தாக வேண்டும். இரண்டு விரலுக்கு நடுவே பூவின் கழுத்தைப் பிடித்து, புல்லிவட்டத்துக்குக் கீழே ஒரு திருகு. டக்கென்று ஒடியும். பூ இடுப்பில் கட்டிய துணிப்பைக்குள் போகும், கை அடுத்த பூவுக்குப் போய்விடும். முள் குத்தும். பனியில் சட்டைக்கை முழங்கை வரை நனைந்து ஒட்டிக்கொள்ளும். பறிப்பவர்களில் பெரும்பாலோர் ரோமா குடும்பங்கள். தாத்தா முதல் பேரன் வரை ஒரே வரிசையில் நிற்பதைப் பார்க்கலாம். எடைக்குக் கூலி. ஒரு பூ இரண்டு, மூன்று கிராம்தான் இருக்கும். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறத்தாழ மூன்றரை டன் பூ என்றால், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தடவை யாரோ ஒருவருடைய விரல்கள் அந்தத் திருகைத் திருகியிருக்கின்றன. ரோஜா எண்ணெயின் விலையைக் கேட்டுத் திகைப்பவர்கள் முதலில் இந்த விரல்களைப் பார்க்க வேண்டும்.

பறித்த பூ அன்றைக்கே வாலைக்குப் போக வேண்டும். குவித்து வைத்தால் சூடேறிப் புளித்துவிடும். பழைய வடிசாலைகள் மலையோடைகளின் ஓரத்தில்தான் இருந்தன. ஆவியைக் குளிர்விக்க ஓடை நீரும் அடுப்பெரிக்கக் காட்டு விறகும் அங்கேதான் கிடைக்கும். ஸ்கோபெலெவோ கிராமத்தில் அப்படிப்பட்ட பழைய முறையை மீட்டுக் காட்டுகிறார்கள். கல் அடுப்பின் மேல் செம்பு வாலை. அதற்குள் பத்துக் கிலோ பூ, அதைப்போல் ஐந்து மடங்கு தண்ணீர். மேலே காளான் வடிவ மூடி. மூடியிலிருந்து சாய்ந்து இறங்கும் குழாய், குளிர்நீர் நிறைந்த மரத்தொட்டிக்குள் நுழைந்து மறுபக்கம் வெளியே வரும். அங்கே வைத்த பாத்திரத்தில் முதல் வடிநீர் சொட்டும்.

அந்த முதல் நீரில் வாசனை இருக்கும், எண்ணெய் கண்ணுக்குத் தெரியாது. நீருக்குள்ளேயே கலந்து கிடக்கும். பல ஈடுகளின் வடிநீரைச் சேர்த்து மறுபடி வாலையில் ஏற்றி வடிக்கிறார்கள். இரண்டாவது வடிப்பில்தான் எண்ணெய் பிரியும். அதை நீண்ட கழுத்துள்ள கண்ணாடிக் குடுவையில் பிடித்து, வெதுவெதுப்பான இடத்தில் வைத்துவிடுவார்கள். கொஞ்ச நேரத்தில் குடுவையின் கழுத்தில், நீருக்கு மேல், மஞ்சளும் பச்சையும் கலந்த மெல்லிய ஏடு படியும். அதுதான் எண்ணெய். அதை எடுக்க ஒரு கருவி உண்டு: நீளக் கைப்பிடி வைத்த சின்னஞ்சிறு தகரப் புனல், அடியில் ஊசிமுனை அளவு துளை. ஏட்டோடு சேர்த்து மொண்டால் நீர் மட்டும் அந்தத் துளை வழியே கசிந்து இறங்கிவிடும், எண்ணெய் உள்ளேயே நின்றுவிடும். எந்தச் சூத்திரமும் எழுதிவைக்காத ஒரு கொல்லர், நீருக்கும் எண்ணெய்க்கும் உள்ள வித்தியாசத்தை ஒரு துளையின் அளவில் பிடித்திருக்கிறார். அருங்காட்சியகம் எதற்காவது போனால் பெரிய வாலைகளைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடாமல் அந்தப் புனலுக்கு எதிரே கொஞ்சம் நிற்க வேண்டும்.

கிராமத்தில் எண்ணெயை முஸ்கால் கணக்கில் விற்றார்கள். ஒரு முஸ்கால் ஐந்து கிராமுக்குக் கொஞ்சம் குறைவு. அதற்கே சுமார் பதினேழு கிலோ பூ செலவாகும். வியாபாரி கிராமம் கிராமமாகப் போய் வாங்கி, கஸான்லக்கிலும் கார்லொவோவிலும் இருந்த தன் கிடங்கில் கலந்து, கொன்குமில் நிரப்புவார். பாப்பஸோவ், ஷிப்கோவ் போன்ற வணிகக் குடும்பங்களின் பெயர் ஐரோப்பாவெங்கும் தெரிந்திருந்தது. குதிரை முதுகிலும் வண்டியிலும், 1870களில் ப்ளோவ்திவுக்கு ரயில் வந்தபிறகு ரயிலிலும், குப்பிகள் இஸ்தான்புல் போய்ச் சேர்ந்தன. அங்கே கம்பளித் தையலைப் பிரித்து, எண்ணெயைப் பொன்பூச்சுப் போட்ட சிறிய போஹீமியக் கண்ணாடிச் சிமிழ்களுக்கு மாற்றி லண்டனுக்கும் பாரீசுக்கும் அனுப்பினார்கள். தையல் பிரிந்ததோடு கஸான்லக் வியாபாரியின் முத்திரையும் போயிற்று. அதற்குப்பின் சிமிழுக்குள் இருப்பது என்னவென்று யார் உறுதி சொல்வது?

இந்த இடத்தில் இந்தியா கதைக்குள் வருகிறது, பெருமைப்படும்படி வரவில்லை. இன்றைய மகாராஷ்டிராவின் கான்தேஷ் பகுதியிலும் மத்தியப் பிரதேசத்தின் நிமாரிலும் ரோஷா புல் என்றொரு வாசனைப் புல் காடாக வளர்கிறது. அதை வடித்தால் பாமரோசா எண்ணெய். அதன் பெரும்பகுதி ஜெரானியோல். ரோஜா எண்ணெயின் முக்கியமான பொருள்களில் ஒன்றும் அதுவே. விலையோ மிகக் குறைவு. பம்பாயில் கப்பலேறிய இந்த எண்ணெய் செங்கடல் துறைமுகங்களில் இறங்கி, அரபு வியாபாரிகள் கைவழியாக இஸ்தான்புல் வந்தது. ஐரோப்பியச் சந்தையில் இதைத் 'துருக்கி ஜெரானியம் எண்ணெய்' என்றே அழைத்தார்கள். பிறந்த ஊர் இந்தியா என்பது பலருக்குத் தெரியாது. எலுமிச்சைச் சாறு விட்ட நீரில் குலுக்கி வெயிலில் வைத்தால் இதன் முரட்டு நெடி தணிந்து, நிறமும் வெளுத்துவிடும். பிறகு ரோஜா எண்ணெயோடு கலப்பார்கள். சிலர் வாலைக்குப் போகுமுன்பே பூவின்மேல் தெளித்துவிட்டார்கள். இது இன்னும் கெட்டிக்காரத்தனமான மோசடி; பூவோடு சேர்ந்து வடிந்து வருவதால் கண்டுபிடிப்பது கடினம். பாமரோசாவின்மேல் எனக்கு வருத்தமில்லை, அது தன்னளவில் நல்ல எண்ணெய், சோப்புக்கு இன்றும் அதைத் தேடி வாங்குகிறார்கள். இன்னொரு பொருளின் பெயரைச் சொல்லி அதை விற்றதுதான் பாவம்.

கலப்படத்தைப் பிடிக்க அன்று இருந்த முக்கிய வழி குளிர்தான். ரோஜா எண்ணெயில் மணமில்லாத ஒரு மெழுகு இயற்கையாகவே இருக்கிறது. சுமார் இருபது டிகிரிக்குக் கீழே போனால் அது படிகமாகி எண்ணெய் உறையத் தொடங்கும். பாமரோசா கலந்திருந்தால் உறையும் சூடு இறங்கிவிடும். அதனால் வாங்குபவர் சிமிழைக் குளிர்நீரில் அமிழ்த்தி, எந்தச் சூட்டில் முதல் படிகம் தோன்றுகிறது என்று பார்த்தார். விற்றவர்கள் அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். திமிங்கிலத்தின் தலையிலிருந்து எடுக்கும் மெழுகைக் கொஞ்சம் சேர்த்தால் கலப்பட எண்ணெயும் உறைந்துவிடும்! பள்ளத்தாக்கின் நேர்மையான உழவர்களுக்கும் வணிகர்களுக்கும் இது வயிற்றில் அடி. உள்ளூரிலும் கலப்படக்காரர்கள் இருந்தார்கள், மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அந்த எண்ணெயின் பெயரைக் காப்பாற்றப் போராடியவர்களும் அதே ஊர்க்காரர்கள்.

இதற்கிடையே ரஷ்ய-ஒட்டோமான் போர் வந்தது. 1877 கோடையில் ரஷ்யப் படை மலையைக் கடந்து கஸான்லக்கைப் பிடித்தது. அது பின்வாங்கியபோது பள்ளத்தாக்கு ஊர்கள் எரிந்தன, கார்லொவோ போன்ற இடங்களில் பெரும் கொலை நடந்தது. கஸான்லக்குக்கு வடக்கே ஷிப்கா கணவாயில் ஆகஸ்டிலிருந்து பனிக்காலம் வரை சண்டை. 1878 ஜனவரியில் ஷெய்னோவோவில் ஒட்டோமான் படை சரணடைந்தது. இன்று கணவாயின் உச்சியில் நினைவுக்கோபுரம் நிற்கிறது; படிகளில் ஏறிப் பார்த்தால் பள்ளத்தாக்கு முழுதும் கீழே விரியும். அடிவாரத்தில் 1902இல் திறந்த நினைவுத் தேவாலயத்தின் பொன்முலாம் குமிழிகள் மரங்களுக்கு நடுவே தெரியும். போரை அடுத்து வந்த பெர்லின் உடன்படிக்கை இந்தப் பகுதியைக் கிழக்கு ருமேலியா என்று தனி மாகாணமாக்கியது. 1885இல் அது பல்கேரியாவோடு சேர்ந்தது.

போருக்குப் பின் பள்ளத்தாக்கின் முஸ்லிம்கள் பலர் வீடுவாசலை விட்டு அனத்தோலியாவுக்குக் கிளம்பினார்கள். அவர்களோடு ரோஜா பற்றிய அறிவும் போயிற்று. தென்மேற்குத் துருக்கியின் இஸ்பார்ட்டாவில் 1888 வாக்கில் இஸ்மாயில் எஃபெந்தி என்பவர் கஸான்லக் ரோஜாவை நட்டார். நான்கு ஆண்டு கழித்து அங்கே முதல் எண்ணெய் வடிந்தது. கிழக்கிலிருந்து வந்த செடி அகதிகளின் கைப்பிடித்துக் கிழக்கே திரும்பிவிட்டது. இன்று உலகின் ரோஜா எண்ணெயில் பெரும்பங்கு இந்த இரண்டு பகுதிகளிலிருந்தும் வருகிறது. எது உயர்ந்தது என்று இரு பக்கமும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட, ஊரை இழந்தவர்கள் ஒரு செடியை இழக்க மறுத்தார்கள் என்பது பெரிதாகத் தெரிகிறது.

இருபதாம் நூற்றாண்டில் கொன்குமின் வழி மாறியது. இஸ்தான்புல்லைத் தொடாமல் நேராகவே பிரான்சின் கிராஸ் நகரத்து வாசனைத் தொழிற்சாலைகளுக்குப் போயிற்று. நீராவியில் இயங்கும் பெரிய வடிசாலைகள் வந்தன. 1903இல் கஸான்லக்கில் முதல் ரோஜாத் திருவிழா நடந்தது; 1907இல் ரோஜாவுக்கென்று ஆய்வுத் தோட்டம் அமைந்தது, அதுவே பின்னாளில் ஆராய்ச்சி நிலையமாக வளர்ந்தது. 1947இல் எல்லா வடிசாலைகளையும் அரசு எடுத்துக்கொண்டது. பழைய வணிகக் குடும்பங்களின் முத்திரைகள் அதோடு ஓய்ந்தன. 1970இல் ஜெனீவாவின் ஃபிர்மெனிக் நிறுவன வேதியியலாளர்கள் பல்கேரிய ரோஜா எண்ணெயைப் பிரித்துப் பார்த்து, டமாஸ்கெனோன் என்ற பொருளைக் கண்டுபிடித்தார்கள். எண்ணெயில் அது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. ஆனால் மூக்குக்கு எட்டும் ரோஜா வாசனையில் அதற்குப் பெரும்பங்கு. பாமரோசாவை எத்தனை வெயிலில் வைத்தாலும் ரோஜாவாகாததற்குக் காரணம் இப்படிப்பட்ட, தேடிப் பிடிக்கக் கடினமான நுண்பொருள்கள்தான். எண்ணெய்க்குள் இவை முந்நூறுக்கும் மேல் இருக்கின்றன.

கம்யூனிச ஆட்சி விழுந்தபிறகு 1990களில் நிலம் பழைய உரிமையாளர்களின் வாரிசுகளுக்குத் திரும்பியது. துண்டு துண்டாக. நகரத்தில் வேலை பார்த்த வாரிசுக்கு ரோஜாப் புதரை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. புதர்கள் காடாகின, பல இடங்களில் பிடுங்கி எறிந்தார்கள். மறுபடி நட்டு எழுந்தது 2000களில். 2014இல் ஐரோப்பிய ஒன்றியம் பல்கேரிய ரோஜா எண்ணெய்க்குப் புவிசார் குறியீடு கொடுத்தது. 2020இல் ரோஜாவுக்கென்றே தனிச் சட்டம் நடைமுறைக்கு வந்து, வளர்ப்பவரும் வடிப்பவரும் பதிவு செய்துகொள்ள வேண்டியதாயிற்று. முன்பு கம்பளித் தையலின் முடிச்சில் இருந்த முத்திரை இப்போது பதிவேட்டிலும், வாயு நிறவரைவுக் கருவி தரும் சோதனைத் தாளிலும் இருக்கிறது.

இருந்தும் உழவரின் குறை தீரவில்லை. பூவுக்குக் கிடைக்கும் விலை பறிப்புக் கூலிக்கே போதவில்லை என்று சில ஆண்டுகளில் வயலை அப்படியே உதிரவிட்டவர்கள் உண்டு. பறிக்கும் ஆட்களில் இளையவர்கள் ஜெர்மனிக்கும் பிரிட்டனுக்கும் போய்விட்டார்கள். பக்கத்து வயலில் லாவெண்டர் இயந்திரத்தால் அறுவடையாகிறது. அந்த எண்ணெயில் பல்கேரியா பிரான்சையே முந்திவிட்டது. ரோஜாவைப் பறிக்க இன்னும் கைதான் வேண்டும். ஜூன் முதல் வார இறுதியில் கஸான்லக் திருவிழாவில் ராணியைத் தேர்ந்தெடுத்து ஊர்வலம் விடுகிறார்கள், நாட்டுப்புற உடையில் பெண்கள் பூப்பறித்துக் காட்டுகிறார்கள். பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனாலும் அதற்கு முந்தின வாரத்தில் ஒரு சாதாரணக் காலையில் வயலுக்குப் போவதையே நான் சிபாரிசு செய்வேன். எடைபோடும் இடத்தில் சாக்குகள் தராசில் ஏறும்போது பறித்தவர் அதன் முள்ளைப் பார்க்கும் முகமும், வாங்குபவர் எழுதும் எண்ணும் திருவிழாவில் தெரியாது.

அப்படிப் போகிறவர் முந்தின நாளே கஸான்லக்கில் தங்கிவிடுவது நல்லது. பகலில் நேரம் மிஞ்சினால் 1944இல் கண்டுபிடித்த திரேசியக் கல்லறை ஊருக்குள்ளேயே இருக்கிறது. கிறிஸ்துவுக்கு முன் நான்காம் நூற்றாண்டு ஓவியங்கள். பெரும்பாலும் பக்கத்தில் கட்டிய நகலைத்தான் காட்டுவார்கள், அதுவே போதும்.

நினைவுக்கு வாங்க விரும்பினால் கடைகளில் முஸ்கால் என்ற பெயரில் கடைந்த மரச் சிமிழ்கள் கிடைக்கும். திறந்தால் உள்ளே ஒரு கண்ணாடிக் குழல். இரண்டு மூன்று யூரோவுக்குக் கிடைப்பதில் இருப்பது ரோஜா வாசனைத் திரவியம். அசல் எண்ணெய் கிலோவுக்குப் பல ஆயிரம் யூரோ விலை போகும் பொருள், அரைக் கிராமே அதைவிட அதிகம். அசலென்று சொல்லி விற்றால் வாங்கி வந்து குளிர்சாதனப் பெட்டியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். அன்று வாங்குபவர்கள் செய்த அதே சோதனை. உறையாவிட்டால் ஏமாந்தீர்கள். உறைந்தால் வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்: மங்கலாக, மெழுகு படிந்தாற்போல் தெரிந்தால் சந்தேகப்படலாம், கண்ணாடித் துகள்போலத் தெளிவான மெல்லிய படிகங்கள் மேலே மிதந்து, உள்ளங்கைச் சூட்டில் கரைந்து மறுபடி எண்ணெயானால், பெரும்பாலும் அது பள்ளத்தாக்கிலிருந்து வந்ததுதான்.